ஆயத்தமாய் நின்ற அன்பு
(கிளாரா பார்ட்டன் வாழ்க்கை வரலாறு)

பாடம் புகுமுன்

வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்கள் நேரும்போது மருத்துவரும் மீட்புப் படையினரும் வந்து சேரச் சில மணி நேரமேனும் ஆகும். அதுவரை அடிபட்டவரின் அருகில் இருப்பவர்கள் அண்டை வீட்டாரும் ஊராருமே. அவர்களுக்கு முதலுதவி தெரிந்திருந்தால் பல உயிர்கள் பிழைக்கும். தெரியாவிடில் அவர்களுடைய இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடும். இரக்கத்தோடு அறிவும் ஆயத்தமும் சேர வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலால் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. நோயாளி அருகில் ஒரு சிறுமி

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1821ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கிளாரா பார்ட்டன் பிறந்தார். பெற்றோரின் ஐந்து மக்களுள் அவரே இளையவர். தந்தையார் முன்னாள் படைவீரர். தாம் பங்கேற்ற போர்களைப் பற்றி மகளுக்குக் கதை கதையாகச் சொல்லுவார். கிளாராவோ மிகுந்த கூச்சம் உடைய குழந்தை. அயலார் முன்னிலையில் வாய் திறக்கவும் அஞ்சுவார்.

அவருக்குப் பதினோரு வயது இருக்கும்போது, அண்ணன் டேவிட் களஞ்சியம் ஒன்றைக் கட்டும் பணியில் உயரத்திலிருந்து தவறி விழுந்தார். காய்ச்சலும் தலைவலியும் அவரைப் படுக்கையில் கிடத்தின. சிறுமி கிளாரா ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அண்ணனின் படுக்கையை விட்டு அகலாமல் பணிவிடை செய்தார். வேளை தவறாமல் மருந்து கொடுத்தார். அக்கால மருத்துவ முறைப்படி நோயாளியின் உடலில் அட்டைகளை விட்டு இரத்தத்தை உறிஞ்சச் செய்யும் வேலையையும் அருவருப்பின்றிக் கற்றுக்கொண்டார். மருத்துவர்கள் கைவிட்ட பிறகும் டேவிட் நலம் பெற்று எழுந்தார். பிறர் துன்பத்தின் முன் நிற்கும்போது தம் கூச்சம் மறைந்துவிடுவதைக் கிளாரா அப்போதே கண்டுகொண்டார்.

2. ஆசிரியப் பணியும் ஓர் ஏமாற்றமும்

இளம் வயதிலேயே கிளாரா பள்ளி ஆசிரியரானார். 1852ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் போர்டன்டவுன் நகரில், கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் தெருவில் திரிவதைக் கண்டார். அவர்களுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் ஆறு பேர். விரைவில் மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகிற்று. புதிய கட்டடமும் எழுந்தது. ஆயினும், அப்பெரிய பள்ளிக்குத் தலைமை ஏற்கப் பெண் ஒருவர் தகுதியுடையவர் அல்லர் என ஊர்ப் பெரியோர் எண்ணினர். மிகுதியான ஊதியத்தில் ஆடவர் ஒருவரைத் தலைமையாசிரியராக அமர்த்தினர். கிளாரா மனம் நொந்து அப்பணியைத் துறந்தார்.

பின்னர் அவர் தலைநகராகிய வாஷிங்டனுக்குச் சென்று, காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். ஆண்களுக்கு இணையான ஊதியத்தில் நடுவண் அரசுப் பணி பெற்ற முதற்பெண்களுள் அவரும் ஒருவர்.

3. போர்க்களத்தில் கற்ற பாடம்

அடிமை முறை காரணமாக அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே 1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. ஏப்ரல் மாதத்தில், மாசசூசெட்ஸ் படைப்பிரிவு ஒன்று வழியில் தாக்கப்பட்டு, காயங்களோடும் உடைமைகளை இழந்தும் வாஷிங்டன் வந்து சேர்ந்தது. வந்தவர்களுள் சிலர் கிளாராவின் பழைய மாணவர்கள். அவர் தம் வீட்டில் இருந்த துணிகளைக் கிழித்துக் கட்டுத்துணிகள் ஆக்கினார். உணவும் ஆடையும் திரட்டி வழங்கினார்.

காயமுற்ற வீரர்கள் தலைநகருக்கு வந்து சேர்வதற்குள் பலர் வழியிலேயே இறந்துபோவதை அவர் கண்டார். காயம் பட்ட இடத்திலேயே, பட்ட உடனேயே உதவி கிடைத்திருந்தால் அவர்களுள் பலர் பிழைத்திருப்பர். ஆகவே போர்முனைக்கே செல்ல அவர் இசைவு கேட்டார். பெண்கள் போர்க்களம் செல்வது தகாது எனக் கருதிய காலம் அது. பல முறை கேட்ட பின்னர், 1862ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் அன்டீட்டம் ஓடைக்கரையில் கடும்போர் நிகழ்ந்தது. படையின் மருத்துவப் பொருள்கள் வழியிலேயே தேங்கிவிட்டன. மருத்துவர்களிடம் கட்டுத்துணியும் இல்லை. சோளத்தோகைகளை வைத்துக் காயங்களை மூடிக்கொண்டிருந்த வேளையில், கிளாராவின் வண்டி அங்கே வந்து சேர்ந்தது. அதில் கட்டுத்துணிகளும் மருந்துகளும் உணவும் விளக்குகளும் இருந்தன. இருள் சூழ்ந்தபோது, அவர் முன்னரே எண்ணி எடுத்து வந்த அவ்விளக்குகளின் ஒளியில் மருத்துவர்கள் தம் பணியைத் தொடர்ந்தனர்.

அங்கே காயமுற்ற ஒரு வீரருக்கு அவர் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தபோது, குண்டு ஒன்று அவருடைய சட்டைக்கையைத் துளைத்துச் சென்று அவ்வீரரின் உயிரைப் பறித்தது. கிளாரா ஒரு கணம் திகைத்தார். பிறகு அடுத்த வீரரிடம் சென்றார். போர்க்களத்தின் தேவதை என மக்கள் அவரைப் போற்றலாயினர். அவர் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். செவிலியர் பயிற்சி பெற்றவரும் அல்லர். தேவைப்படும் பொருளைத் தேவைப்படும் இடத்துக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பதும் மருத்துவமே என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

போர் முடிந்த பின்னும் அவர் பணி ஓயவில்லை. காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நிறுவினார். உறவினர்கள் எழுதிய 63,000-க்கும் மேற்பட்ட மடல்களுக்கு அவ்வலுவலகம் விடை அனுப்பியது. 22,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் நிலையைக் கண்டறிந்து கூறியது.

4. செஞ்சிலுவையின் அறிமுகம்

இடைவிடாத உழைப்பால் நலிவுற்ற கிளாரா, ஓய்வு நாடி 1869ஆம் ஆண்டு ஐரோப்பா சென்றார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றி அறிந்தார். 1859ஆம் ஆண்டு சோல்ஃபெரினோ போரில் கேட்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டு உள்ளம் உருகிய ஹென்றி டியூனான்ட் என்பவரின் முயற்சியால் தோன்றிய இயக்கம் அது. போரில் காயமுற்றோரை எந்தத் தரப்பினர் ஆயினும் காக்க வேண்டும் என்னும் உடன்படிக்கை 1864ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் கையெழுத்தாகியிருந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை.

ஐரோப்பாவில் அப்போது மூண்ட பிரஞ்சு - பிரஷ்யப் போரின்போது கிளாரா தொண்டாற்றினார். போரால் சிதைந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், வறுமையுற்ற பெண்களுக்கு ஆடைகளை வெறுமனே வழங்காமல், அவர்களையே ஆடை தைக்கச் செய்து கூலியும் கொடுத்தார். ஆடையோடு பிழைப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. துன்புற்றவரைக் கையேந்த வைக்காமல் எழுந்து நிற்கச் செய்வதே உதவி என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

5. போர் இல்லாத காலத்தும் பகை உண்டு

தாயகம் திரும்பிய கிளாரா, அமெரிக்காவிலும் செஞ்சிலுவைச் சங்கம் அமைக்கப் பாடுபட்டார். இனி இந்நாட்டில் போரே நிகழாது. ஆதலால் அத்தகைய சங்கம் வேண்டுவதில்லை என்று பலர் மறுத்துரைத்தனர். போர் நிகழாவிடினும் வெள்ளமும் புயலும் தீயும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் நிகழும் அல்லவா? அவற்றை எதிர்கொள்ள முன்னரே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டாவா? இவ்வாறு வினவி, ஆட்சியாளரையும் பொதுமக்களையும் அவர் இணங்கச் செய்தார். 1881ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் உருவாயிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மறு ஆண்டில் அமெரிக்கா ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றது.

சங்கத்தின் முதல் உள்ளூர்க் கிளை, கிளாரா வாழ்ந்துவந்த டான்ஸ்வில் என்னும் ஊரில் 1881ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்றது. அடுத்த மாதமே மிச்சிகன் மாநிலத்தில் பெருங்காட்டுத்தீ பரவி ஊர்களை அழித்தது. புதிய கிளைகளின் தொண்டர்கள் பணமும் ஆடையும் கருவிகளும் திரட்டி உடனே அனுப்பினர். அச்சங்கம் ஆற்றிய முதல் பேரிடர்ப் பணி அதுவே.

1884ஆம் ஆண்டு ஓகையோ, மிசிசிப்பி ஆறுகளில் வெள்ளம் பெருகியது. கிளாரா நீராவிப் படகுகளை அமர்த்தி, உணவு, ஆடை, நிலக்கரி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு கரையோர ஊர்கள்தோறும் சென்றார். அவ்வேளையில் பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் ஆறு பேர் கலைநிகழ்ச்சி ஒன்றை நடத்தி, ஐம்பது டாலருக்குச் சற்று மிகுதியான தொகையைத் திரட்டி அனுப்பினர். அத்தொகையை எங்கே செலவிடுவது என்பதைக் கிளாராவே பொறுப்போடு தேர்ந்தார். ஓகையோ ஆற்றங்கரையில் வீட்டை இழந்து பிள்ளைகளோடு தவித்த கைம்பெண் ஒருவருக்கு அதனை அளித்தார். சிறுவர் கொடுத்த சிறுதொகை ஒரு குடும்பத்தைக் காத்தது.

அவ்வாண்டே ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுச் செஞ்சிலுவை மாநாடு, போர்க்காலத்தில் மட்டுமன்றி இயற்கைப் பேரிடர்க் காலத்திலும் இவ்வியக்கம் தொண்டாற்றலாம் என முடிவு செய்தது. கிளாராவின் பணியைப் பின்பற்றி எழுந்த இத்திருத்தம் அமெரிக்கத் திருத்தம் என்றே பெயர் பெற்றது.

6. வெள்ளத்தின் நடுவே ஐந்து திங்கள்

1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், பெருமழையால் நிரம்பிய சவுத் ஃபோர்க் அணை உடைந்தது. பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரம் அதன் கீழே பள்ளத்தாக்கில் இருந்தது. மரங்களையும் வீடுகளையும் தொடர்வண்டிப் பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் சில நிமிடங்களில் நகரை அழித்தது. 2,209 பேர் மாண்டனர்.

ஐந்தாம் நாள் கிளாரா மருத்துவர், செவிலியர், தொண்டர் அடங்கிய குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. சேற்றின் நடுவே கூடாரங்கள் எழுந்தன. நோயுற்றோருக்கு மருத்துவம் தொடங்கிற்று. வீடிழந்தோர் தங்குவதற்குப் பலகைகளால் பெரிய விடுதிகள் கட்டப்பட்டன. பொருள்களைச் சேமிக்கக் கிடங்கு ஒன்றும் அமைந்தது. செய்தித்தாள்களில் ஜான்ஸ்டவுனின் பெயர் மறைந்த பிறகும் கிளாரா அந்நகரை விட்டு நீங்கவில்லை. ஏறத்தாழ ஐந்து திங்கள் அங்கேயே தங்கி, மக்கள் தம் காலில் நிற்கத் தொடங்கிய பின்னரே விடைபெற்றார். விடுதி கட்டிய பலகைகளையும் வீணாக்கவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் கிளென் எக்கோ என்னும் ஊரில், அப்பலகைகளைக் கொண்டு பெரிய வீடு ஒன்றைக் கட்டினார். அதன் அறைகளிலே கம்பளிகளும் கட்டுத்துணிகளும் அடுத்த பேரிடருக்காகக் காத்திருந்தன.

1893ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தென் கரோலினா மாநிலத்தின் கடற்கரைத் தீவுகளைப் புயல் தாக்கியது. ஏறத்தாழ 30,000 பேர் வீடும் உணவும் இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க வழியினர். கிளாரா பத்துத் திங்கள் அங்கே பணிபுரிந்தார். உணவுப் பங்கீட்டை உள்ளூர் மக்களைக் கொண்ட குழுக்களிடம் ஒப்படைத்தார். ஆண்கள் தேங்கிய நீர் வடிய வாய்க்கால் வெட்டினர். பெண்கள் ஆடை தைத்தனர். யாவரும் விதை பெற்றுக் காய்கறி பயிரிட்டனர். மறு ஆண்டின் விளைச்சல் அவர்களுடைய உழைப்பின் பயனே ஆயிற்று.

1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரைக் கடுங்புயல் அழித்தது. ஆறாயிரத்துக்கும் குறையாதோர் உயிரிழந்தனர். எழுபத்தெட்டு வயதில், உடல் நலிவுற்ற நிலையிலும், கிளாரா அங்கே சென்றார். பயிர் இழந்த உழவர்களுக்குப் பதினைந்து இலட்சம் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகள் வழங்கப்பட்டன. அவர் நேரில் சென்று ஆற்றிய கடைசிப் பேரிடர்ப் பணி அது.

7. ஒவ்வொருவர் கையிலும் முதலுதவி

இருபத்து மூன்று ஆண்டுகள் சங்கத்தை நடத்திய கிளாராவிடம் குறைகளும் இருந்தன. எல்லாப் பொறுப்பையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். வரவு செலவுக் கணக்குகள் ஒழுங்காக எழுதப்படவில்லை எனப் பலர் குற்றம் கூறினர். கருத்து வேறுபாடு முற்றிய நிலையில், 1904ஆம் ஆண்டு அவர் தாம் தோற்றுவித்த சங்கத்தின் தலைமையிலிருந்தே விலக நேர்ந்தது. எண்பத்திரண்டு வயதில் வந்த அந்த இழப்பு அவரை மிகவும் வருத்தியது.

ஆயினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்க தேசிய முதலுதவிச் சங்கத்தை நிறுவினார். ஓர் இயக்கம் எவ்வளவு பெரியதாயினும், பேரிடர் நிகழ்ந்த இடத்துக்கு அது வந்து சேரக் காலம் ஆகும். ஜான்ஸ்டவுனுக்கு விரைந்து சென்ற அவரே ஐந்தாம் நாள்தான் அங்கே சேர முடிந்தது. அவ்விடைவெளியில் உயிர்களைக் காக்க வல்லவர் அவ்வவ்வூரில் வாழ்வோரே. எனவே தீயணைப்போர், காவலர் போன்றோருக்கும் பொதுமக்களுக்கும் முதலுதவியைக் கற்பிக்க அச்சங்கம் வகுப்புகளை நடத்தியது. முதலுதவிப் பெட்டிகளையும் உருவாக்கியது. இரத்தப்போக்கை நிறுத்துதல், முறிந்த எலும்பை அசையாமல் கட்டுதல், காயமுற்றோரைத் தூக்கிச் செல்லுதல் ஆகியவை எளிய மக்களும் கற்கத்தக்க கலைகள் ஆயின. சில ஆண்டுகளில் செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவிப் பயிற்சியைத் தன் பணிகளுள் ஒன்றாக மேற்கொண்டது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், கிளென் எக்கோ இல்லத்தில் கிளாரா பார்ட்டன் இயற்கை எய்தினார்.

இன்று உலகெங்கும், பெருமருத்துவமனைகள் எட்டாத சிற்றூர்களிலும் நகரின் நெருக்கமான குடியிருப்புகளிலும், முதலுதவி கற்ற தன்னார்வலர்கள் தொண்டாற்றி வருகின்றனர். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற எளிய மக்களே. இடர் வந்தபின் ஓடிச்சென்று உதவுதல் நன்று. இடர் வருமுன்னரே கற்று ஆயத்தமாய் இருத்தல் அதனினும் நன்று. பழைய துணியைக் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கிய நாள் முதல் முதலுதவி வகுப்பு தொடங்கிய நாள் வரை கிளாரா வாழ்ந்து காட்டிய நெறி இதுவே.

அறிந்துகொள்வோம்

• இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920ஆம் ஆண்டு சட்டத்தின் வழி அமைக்கப்பெற்றது. பள்ளி மாணவர்களுக்கென இளையோர் செஞ்சிலுவை அமைப்பும் உண்டு.
• தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஆப்த மித்ரா என்னும் திட்டத்தின் கீழ் ஊர் மக்களுக்கே மீட்புப் பணியிலும் முதலுதவியிலும் பயிற்சி அளிக்கிறது. இப்பெயருக்குப் பேரிடர்க்கால நண்பர் என்பது பொருள்.
• இந்தியாவில் அவசர உதவி பெற அழைக்க வேண்டிய எண் 112.
• இரத்தம் பெருகும் காயத்தின் மீது தூய துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதுகெலும்பில் அடிபட்டவரை, உடனடி ஆபத்து இருந்தாலன்றி, பயிற்சி இல்லாதோர் அசைத்தல் கூடாது.

அருஞ்சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
களஞ்சியம் – தானியம் சேமிக்கும் கட்டடம்
இசைவு – ஒப்புதல்
மடல் – கடிதம்
கைம்பெண் – கணவனை இழந்தவள்
திங்கள் – மாதம்
தளை – விலங்கு, கட்டு

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கிளாரா இலவசப் பள்ளி தொடங்கிய நகரம் ______.
2. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றிய ஆண்டு ______.
3. ஜான்ஸ்டவுன் நகரை அழித்தது ______ அணையின் உடைப்பு.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக.
1. கிளாரா மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.
2. அன்டீட்டம் போர்க்களத்துக்குக் கிளாரா விளக்குகளையும் எடுத்துச் சென்றார்.
3. கால்வெஸ்டன் நகரைப் புயல் தாக்கியது.

இ. பிரித்து எழுதுக.
முதலுதவி, பேரிடர், செஞ்சிலுவை, உள்ளூர்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கிளாரா போர்க்களத்துக்கே செல்ல விரும்பியது ஏன்?
2. செஞ்சிலுவைச் சங்கம் வேண்டா என்றோருக்குக் கிளாரா அளித்த விளக்கம் யாது?
3. சிறுவர் அறுவர் திரட்டிய தொகை எவ்வாறு பயன்பட்டது?

உ. விரிவாக விடை எழுதுக.
1. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலும் தென் கரோலினாத் தீவுகளிலும் கிளாரா உதவிய முறைகளில் காணும் ஒற்றுமையை விளக்குக.
2. பெரிய தொண்டு நிறுவனங்கள் இருக்கும்போது, ஊர் மக்களும் முதலுதவி கற்க வேண்டுவது ஏன்? பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

ஊ. செய்து பார்ப்போம்.
நீங்கள் வாழும் நகரில் நேரக்கூடிய பேரிடர் எது என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிக. அதற்கு ஆயத்தமாக உங்கள் வீட்டில் வைத்திருக்க வேண்டிய பத்துப் பொருள்களின் பட்டியலைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.